பெயரில்லாத நிரல்

வாசிப்பவரே, எனக்கிருந்த ஒரே சாட்சியை அதிகாரி ஏற்கவில்லை. ஆகவே உங்களைச் சாட்சியாக நிறுத்தித் தொடங்குகிறேன். பேய், ஆவி, சகுனம் எதையும் நம்பியவனல்லன் நான். கிளிநொச்சி விவாத மேடையொன்றில் "பதிவில் இல்லாதது உண்மையாகாது" என்று முழங்கிக் கிண்ணம் வென்றவன். அந்தக் கிண்ணம் என் அலுவலக மேசையிலேயே இருந்தது. போருக்குப் பிறகு இடம்பெயர்ந்தோர் முகாம்களில் நிரப்பிய படிவங்களைக் கணினியில் ஏற்றிவைத்திருந்த பிரிவு அது.

சென்ற ஆவணியில் ஒரு மதியம், முரசுமோட்டையிலிருந்து ஓர் அம்மா வந்தார். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் வயல் செய்யும் குடும்பம். காணாமல்போன மகனைப் பற்றிய அவரது முறைப்பாட்டுக் கோவை அன்று நான்கு மணியோடு மூடப்படவிருந்தது. அவர் முகாமிலேயே முறையிட்டார் என்பதற்கு ஒரேயொரு பதிவு கிடைத்தால் கோவை திறந்திருக்கும். மகனின் அடையாள அட்டை இலக்கத்தை மனப்பாடமாகச் சொன்னார். அட்டை இலக்கங்களுக்குரிய நிரலில், அதாவது அட்டவணையின் அந்த நெடுவரிசையில், தேடினேன். இல்லை.

"இல்லையம்மா. பதிவிலை இல்லாட்டி, நீங்கள் அப்ப சொல்லேல்லை எண்டுதான் அர்த்தம்."

"பேச்சுல கெட்டிக்காரத் தம்பின்னு வாசல்ல சொன்னாங்க. தேடுறதுலயும் கெட்டிக்காரனான்னு பாப்பமே. எல்லா எடத்துலயும் தேடுங்க."

சுட்டது. அந்தத் தரவுத்தளத்தை அமைத்தவர் வெளிநாடு போய்விட்டார். பல நிரல்களுக்கு வெறும் எழுத்தும் எண்ணுமே பெயர், எதற்குள் எது இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லா அட்டவணைகளிலும் எல்லா நிரல்களிலும் அந்த இலக்கத்தைத் தேடி, கிடைத்த இடத்தின் பெயரைச் சொல்லும்படி கணினிக்கு ஒரு நிரலி எழுதி ஓடவிட்டேன்.

நம்பினால் நம்புங்கள், ஒரு விடை வந்தது. அட்டவணை: சொத்திழப்பு. நிரலின் பெயர்: ஒன்றுமில்லை, வெறும் வெற்றிடம். பெயரில்லாத நிரல் அங்கே இருக்கவே முடியாது, அது பாலபாடம். ஆனாலும் அந்த வெற்றிடத்துக்கு நேரே, ஓர் எண்ணும் பிசகாமல், அம்மா சொன்ன இலக்கம். அவரும் எட்டிப் பார்த்து வாசித்தார்.

"சொத்திழப்புன்னா, வீடு, மாடு, சைக்கிள் எழுதுன கடுதாசிதானே? எம் மகனையும் எழுதுங்கன்னேன். மகனுக்கு இதுல எடமில்லன்னாரு அந்த ஐயா. எழுதாம நகர மாட்டேன்னு நின்னேன். கடைசில கடுதாசி ஓரத்துல எழுதினாரு, நம்பர மட்டும்."

படிவத்தின் கட்டங்களில் இருந்தவற்றை மட்டுமே கணினியில் ஏற்றினார்கள். ஓரத்தில் இருந்ததை ஏற்ற அங்கே இடமே இல்லை.

ஒரு விசையை அழுத்தி அச்சிட்டிருக்கலாம். மேடைப் பழக்கம், வெற்றிக்கு ஒரு சபை வேண்டியிருந்தது. அதிகாரியை அழைக்க ஓடினேன். நாங்கள் வருவதற்குள் மின்சாரம் போய் வந்திருந்தது. மறுபடி ஓடவிட்டேன். பூச்சியம். மூன்று முறையும் பூச்சியம்.

"நான் என்ரை கண்ணாலை பாத்தனான், சேர்."

"நானும் பாத்தேங்கய்யா," என்றார் அம்மா.

அதிகாரி அவர் பக்கம் திரும்பவேயில்லை. "தம்பி, இது உம்மடை பட்டிமன்றமில்லை. பதிவிலை இல்லாததுக்கு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

என் வாக்கியம். நான் கைதட்டல் வாங்கிய அதே வாக்கியம். நான்கு மணிக்குக் கோவை மூடப்பட்டது.

மறுநாள் களஞ்சிய அறையில் அம்மாவின் படிவத்தைத் தேடி எடுத்தேன். வீடு ஒன்று, மாடு இரண்டு, சைக்கிள் ஒன்று. எல்லாம் தெளிவாக இருந்தன. வலப்பக்க ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழ்வரை கறையான் தின்றிருந்தது.

விளக்கம் கேட்காதீர்கள், என்னிடம் இல்லை. அந்த அட்டவணையில் இருப்பவை பதினேழு நிரல்கள், விரல்விட்டு எண்ணினேன். ஆனால் இன்றுவரை அதில் என் தேடல் முடியும்போதெல்லாம் திரையில் விழும் வரி இதுதான்: "பதினெட்டு நிரல்கள் தேடப்பட்டன. கிடைத்தவை: பூச்சியம்."

கிண்ணத்தை அலுமாரிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு முரசுமோட்டைக்குப் போனேன். அம்மா வயலில் நின்றார். வரம்பில் நின்றபடி, பக்கத்து வயல்காரருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்:

"அம்மா, அந்த நம்பரை நான் ஒவ்வொரு நாளும் தேடுவன். உங்களிட்டைச் சொன்ன அந்த 'இல்லை'யை இனி ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன்."