கெட்டிமேளம் முடிந்ததும் ஆப் போட்ட பாட்டு

1. பல்லிச் சத்தம்

ஹார்ட் டிஸ்க் சாகும்போது ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் போடும். சுவரில் பல்லி கத்துவது போலவே இருக்கும். தங்கசாமி அண்ணாச்சி மகள் கல்யாணத்தன்று, மும்பை தாராவி மண்டபத்தில் பிள்ளையார் பாட்டு பாதியில் நின்றது. அந்தச் சத்தம் கேட்டது. நான் சுவரை அண்ணாந்து பார்த்தேன். பல்லி எந்தத் திசையில் கத்துகிறது, அதற்கு என்ன பலன் என்று யோசித்தேன். மைக்செட் தொழிலில் தலை நரைத்தவன், செட் நின்றதும் செய்த முதல் காரியம் இது.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் உங்களை டிஜே என்று சொல்லிக்கொள்கிறீர்கள். கறுப்புக் கண்ணாடி போடுகிறீர்கள். நல்லது. எங்களை ‘ரேடியோக்காரன்’ என்றார்கள், பிறகு ‘மைக்செட் பாண்டி’ என்றார்கள். இப்போது என்னை வேறு பெயரில் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதுதான் விஷயம்.

2. என்னிடம் இருந்த பாட்டு

செத்துக்கொண்டிருந்த அந்த ஹார்ட் டிஸ்க்கில் என் ஆயுள் சம்பாத்தியம் இருந்தது. கேசட்டிலிருந்து மாற்றியவை, பிளாட்பாரத்தில் விற்ற எம்பி3 சிடியிலிருந்து எடுத்தவை, பென்டிரைவில் பரிமாறிக்கொண்டவை. சங்கீதம் தெரிந்த மாட்டுங்காக்காரர்கள் ராகம் வாரியாக அடுக்குவார்கள். சினிமாப் பைத்தியங்கள் பாடகர் வாரியாக அடுக்குவார்கள். நான் வீட்டு விசேஷம் வாரியாக அடுக்கியிருந்தேன். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் கொடை, துஷ்டி. கொடை என்றால் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கோயில் திருவிழா, துஷ்டி என்றால் சாவு.

கல்யாண ஃபோல்டர் லேசில் சேர்ந்துவிடாது. ஒரு டூயட் ஜோராக இருக்கும். ஆனால் படத்தில் அந்தப் பாட்டு முடிந்து நாலாவது சீனில் கதாநாயகி செத்துப்போவாள். அண்ணாச்சிமார் படம் பார்த்தவர்கள். “ஏல, எம்மவ கல்யாணத்துல செத்தவ பாட்டையா போடுத?” என்று பந்தியிலிருந்து எழுந்து வருவார்கள். ஆகவே ஒவ்வொரு காதல் பாட்டுக்கும் படத்தின் கடைசி ரீல்வரை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அழ வைக்கிற படங்கள் எத்தனையோ பார்த்தேன், எல்லாம் கல்யாண வேலைக்காக.

அதில் என் கைவேலை ஒன்றும் உண்டு. கெட்டிமேளம். கடையில் கிடைத்த கெட்டிமேளம் எல்லாம் நிமிஷம்கூட ஓடாது. எந்த மாப்பிள்ளையும் அவ்வளவு சீக்கிரம் தாலி கட்டியதில்லை. மாலை குறுக்கே வரும். ஜடையில் சங்கிலி மாட்டும். போட்டோகிராபர் “துல்ஹா, இதர் தேக்கோ, ஏக் அவ்ர்” என்று மாப்பிள்ளையைத் தன் பக்கம் திருப்பி இன்னொரு படம் கேட்பான். மூன்றாவது முடிச்சுக்கு நாத்தனாரைத் தேட வேண்டும். அதனால் மேளத்தை ஒட்டு தெரியாமல் திரும்பத் திரும்ப ஒட்டி, மாப்பிள்ளை தூங்கி எழுந்து கட்டினாலும் முடியாத அளவுக்கு நீளமாகச் செய்து வைத்திருந்தேன்.

பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. முலுண்டில் என் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், அவ்வளவு பத்திரமாக. நான் இருந்தது தாராவியில்.

3. எனக்குப் பிடித்த பாட்டு

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இது தெரியாமல் மற்றது விளங்காது.

நாள் முழுக்க ஸ்வீட் போடுகிறவன் வீட்டுக்கு வந்ததும் காராசேவு கேட்பான். அதேபோல் பகல் முழுக்க ஊரைச் சந்தோஷப்படுத்திவிட்டு சயானில் ரயில் ஏறினால் எனக்கு ஒப்பாரி வேண்டும். பேர் தெரியாத கிராமத்துப் பொம்பளைகள், மைக்கில்லாமல், நெஞ்சிலிருந்து எடுத்துப் பாடுகிற ஒப்பாரி. போனில் ஒரு பாட்டு ஆப் இருந்தது. காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் முலுண்ட் வரும்போது மனசு கழுவிவிட்ட மாதிரி இருக்கும். என் துக்கம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஒருத்தி மூச்சை எங்கே விடுகிறாள், எந்த இடத்தில் குரல் உடைந்தும் சுதி உடையவில்லை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

என் மனைவி சரசு மட்டும் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். “வீட்ல யாரும் சாவலியேன்னு வருத்தமா ஒங்களுக்கு? ஒரு சாமி பாட்டு கேட்டா காது அவிஞ்சா போவும்?” என்பாள்.

ஆப்பும் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தது. இந்த மனுஷன் வீட்டில் தினம் ஒரு சாவு விழுகிறது என்று. காலையில் போனைத் திறந்தால் ‘உங்களுக்காக’ என்று வரிசையாக அழுகிற பெண்களைக் காட்டும்.

4. தாலி கட்டிய நேரம்

மண்டபத்துக்கு வருகிறேன். அன்று பெரிய முகூர்த்தம். நாதஸ்வரக்காரர்களை எல்லாம் தாணேயிலும் செம்பூரிலும் முன்னாலேயே பிடித்துவிட்டார்கள். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

“மேளமும் நீதாம்ல பாண்டி. மாப்பிள்ள வீட்டுக்காரவ செம்பூரு, பெரிய எடம். ஒரு சொல்லு வரக்கூடாது. இத ஒழுங்கா முடி, கொடைக்கும் நீதான், எங்காளுவ வீட்டு விசேஷம் எல்லாத்துக்கும் நீதான்.”

அண்ணாச்சிக்குத் தாராவியில் மூன்று கடை. கோயில் கமிட்டியும் அவர்தான். அவர் வாயிலிருந்து விழுந்த அந்த வார்த்தைதான் என் மிச்சக் காலத்துப் பிழைப்பு.

டிஸ்க் போனதும் மைதீன் பாய்க்குப் போன் செய்தேன். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்கிறவர், காயல்பட்டினக்காரர், பக்கத்துச் சந்தில் ஒர்க்‌ஷாப். வந்து டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார்.

“ஹெட்டு போயிட்டுவே. இனி இதைத் தட்டித் தூங்கத்தான் வைக்கலாம்.”

“பாய், வெளையாடாதியும். முகூர்த்தம் நெருங்குது.”

“எதுக்குப் பதறுதீரு? கையில போன் இருக்குல்லா? அதுல இல்லாத பாட்டா? ப்ளூடூத்துல போடும்வே.”

போட்டேன். ஒவ்வொரு பாட்டாக எழுதித் தேடிப் போட்டேன். கூட்டம் தலையாட்டியது. அண்ணாச்சிகூட ஒரு தடவை கையைத் தூக்கி ‘பேஷ்’ காட்டினார். இப்படி ஒரு வசதி இருக்கும்போது எதற்காக இத்தனை காலம் ஃபோல்டர் ஃபோல்டராகச் செத்தோம் என்று நினைத்தேன். எனக்குக் கர்வம் வந்தால் அடுத்து என்ன வரும் என்று எனக்கே தெரியும், இருந்தாலும் வந்தது.

போனில் சார்ஜ் இறங்கியது. மேடை ஓரத்தில்தான் பிளக் பாயிண்ட். அங்கே செருகி வைத்தேன். என் மிக்ஸர் மண்டபத்தின் அந்தக் கோடியில். ஐயர் கையைத் தூக்கினார். போனில் கெட்டிமேளத்தைத் தட்டிவிட்டு, ஓடிவந்து மிக்ஸரில் சவுண்டை முழுக்க ஏற்றினேன். வழியில் யாரோ அட்சதையைக் கையில் திணித்தார்கள். ஈர மஞ்சள் அரிசி. நானும் வாங்கிக்கொண்டேன், நானும் மனுஷன்தானே.

மேளம் முழங்கியது. மாப்பிள்ளை முதல் முடிச்சு போட்டார். மாலை குறுக்கே வந்தது. போட்டோகிராபர் “ஏக் அவ்ர்” என்றான். இரண்டாவது முடிச்சு. மேளம் நின்றது.

இது என் மேளம் இல்லை, கடை மேளம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாட்டு முடிந்தால் ஆப் சும்மா இருக்காது, அதுவாக அடுத்ததைப் போடும். என்னை அதற்கு நன்றாகத் தெரியும். மண்டபத்தின் நாலு பாக்ஸிலும் ஒரு அம்மாள் மூச்சை இழுத்தாள். அந்த மூச்சை நான் ரயிலில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அடுத்து என்ன வரும் என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மிக்ஸரில் ஃபேடர் என் விரலுக்கு அடியில் இருந்தது. ஒரு இழுப்பு இழுத்திருந்தால் சத்தம் அடங்கியிருக்கும். மெயின் ஸ்விட்ச் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் இரண்டையும் விட்டுவிட்டு மேடையைப் பார்த்து ஓடினேன். நாற்காலியில் இடித்து, ஒரு குழந்தையைத் தாண்டி, கையில் அட்சதையோடு ஓடினேன். கூட்டம் என்ன நினைத்ததோ, எனக்கு வழிவிட்டது.

ஒப்பாரி முதல் அடியை முடித்தது. முன்வரிசையில் இருந்த ஊர்ப் பெரியம்மைகள் இரண்டு பேர், பழக்கதோஷம், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி எதிர்ப்பாட்டாக ஒரு விசும்பலே விட்டுவிட்டாள்.

போனை எடுத்தேன். விரலை வைத்தேன். விரல் முழுக்க மஞ்சள், திறக்கவில்லை. வேட்டியில் துடைத்து வைத்தேன். திறக்கவில்லை. பின் நம்பர் கேட்டது. அது என் கல்யாண நாள். நினைவுக்கு வரவில்லை. இதில் சரசுவுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

“அரே, பந்த் கர் நா!” என்று நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்த மராட்டி வாட்ச்மேன், என் மிக்ஸரின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். அதற்கு மூளை வேண்டியதில்லை, கை போதும்.

மூன்றாவது முடிச்சு சத்தமே இல்லாமல் விழுந்தது. அட்சதை போட யாருக்கும் கை எழவில்லை. அண்ணாச்சி என்னிடம் வந்தார். அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எடுத்துட்டுப் போயிரு” என்றார். அவ்வளவுதான்.

5. புதுப் பெயர்

அண்ணாச்சி மகள் செல்வி செம்பூரில் நன்றாகவே வாழ்கிறாள். மாமனார் வீட்டில் தாங்குகிறார்கள். அதற்கு யாரும் என் பெயரைச் சொல்வதில்லை. மாப்பிள்ளை ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டபோது மட்டும் சொன்னார்கள்.

கொடை வேறொருவனுக்குப் போனது. காதுகுத்துக்காரர்கள் “தேதி மாறிட்டுண்ணே” என்றார்கள். தேதி மாறவில்லை, ஆள்தான் மாறினான். மைதீன் பாய் சந்து வழியாகவே அவன் பாக்ஸ் போவதைப் பார்த்தேன்.

முதல் துஷ்டி வீட்டுக்காரர் கூப்பிட்டபோது நான் மாட்டேன் என்றேன். மைதீன் பாய்தான் அனுப்பினார்.

“போவும்வே. கல்யாணம் முகூர்த்தம் பாத்து வரும். இதுக்கு அது வேண்டாம், எப்பவும் வரும்.”

போனேன். ரயிலில் கேட்ட எல்லாவற்றையும், எதற்குப் பின் எது என்று எனக்குத் தெரிந்த வரிசையில் போட்டேன். அழ முடியாமல் கல்லாக உட்கார்ந்திருந்த ஒரு மகன் வெடித்து அழுதான். அதற்குப் பிறகு எங்கே சாவு விழுந்தாலும் எனக்குப் போன் வரும். பெயரும் வந்துவிட்டது. துஷ்டி செட்டு. நான் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு சந்தில் நடந்தால், எந்த வீட்டுக்குப் போகிறேன் என்று ஜன்னல்கள் திறக்கும்.

6. அண்ணாச்சி வீடு

போன மழைக்காலத்தில் தங்கசாமி அண்ணாச்சியின் தாயார் காலமானார். அண்ணாச்சியே போன் செய்தார். ஹலோகூடச் சொல்லவில்லை. “அம்ம போயிட்டா. வந்துரு” என்றார்.

என்னிடம் இருந்ததில் நல்லதை எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். சத்தத்தைக் குறைத்து, பந்தலுக்கு வெளியே கேட்காத அளவுக்கு வைத்தேன். நல்ல ஒப்பாரிக்குச் சத்தம் தேவையில்லை. தாயைப் பற்றியதாகவே கோத்து வைத்தேன். பெண்கள் கூடவே பாடினார்கள். மத்தியானத்தில் அண்ணாச்சி எழுந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னைத் தொடுவது அதுதான் முதல்.

“எங்கம்மைக்கு இதவிட எவம்ல செய்வான்?” என்று சொல்லி, என் தோளில் முகத்தை வைத்து அழுதார். எனக்கும் கண் கலங்கியது. சரி, தீர்ந்தது, இனி கொடையும் கல்யாணமும் திரும்ப வரும் என்று மனசு கணக்குப் போட்டது. சாவு வீட்டில் நின்று போட்ட கணக்கு.

தெரு முனையில் டாக்ஸி நின்றது. அண்ணாச்சி கண்ணைத் துடைத்தார். என் கையை விட்டார்.

“பாண்டி, செல்வியும் மாப்பிள்ளையும் வாராவ. அவிய கண்ணுல நீ பட வேண்டாம். தப்பா நெனைக்காத. அந்தப் பெட்டிக்குப் பின்னால கொஞ்சம் இரி.”

இருந்தேன். ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பின்னால், தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. செல்வி அழுதுகொண்டு வந்தாள். ஆச்சி காலடியில் விழுந்தாள். கொஞ்சம் ஆறியதும் அவள் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“யாருப்பா பாட்டு போடுதது? நெஞ்ச அறுக்கு. அப்படியே ஆச்சிய முன்னால கொண்டாந்து நிறுத்துத மாதிரி இருக்கு.”

அண்ணாச்சி சொன்னார்: “யாரோ வெளியாளும்மா.”

தம்பிகளுக்குப் பாடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்கிறேன். தொழிலுக்கு ஒரு போன், காதுக்கு ஒரு போன் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோப்ளேயை ஆஃப் செய்யுங்கள். ஓட வேண்டாம், ஃபேடரை இழுங்கள். இவ்வளவும் நான் கற்றேன், இரண்டாவது போனும் வாங்கினேன். ஆனால் பகல் முழுக்கப் பிழைப்புக்காகக் கேட்டதை ரயிலில் யார் கேட்பது? சயானில் ஏறுகிறேன், ஜன்னலோரம் கிடைத்தால் உட்காருகிறேன். காதில் எதுவும் மாட்டுவதில்லை. முலுண்ட் வரைக்கும் தண்டவாளச் சத்தம்தான்.