பூங்காவுக்குச் சுவர் கேட்டோம்

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊரில், தெருக்கோடியில் வயலை ஒட்டி ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. ஆடு மாடு நுழைந்து செடிகளைத் தின்றுவிடுவதால், சுற்றுச்சுவர் கட்டித் தரச் சொல்லி வார்டு கூட்டங்களில் விடாமல் கேட்டோம். ஒருவழியாக நிதி வந்தது, சுவரும் எழும்பியது. ஜெயித்துவிட்டோம் என்று தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்ட சாயங்காலம், வழக்கம்போலப் பூங்கா பெஞ்சில் உட்காரலாம் என்று பக்கத்து வீட்டு ஃபாத்திமா அக்காவைக் கூப்பிட்டேன். "இரும்மா, தொழுதுட்டு வந்துடுறேன்" என்றார். அவர் வாசலில் நான் காத்து நின்றபோதே தடாலென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், நாங்கள் உட்காரும் பெஞ்சின் மேல் சுவர் விழுந்து கிடக்கிறது. வயல் தண்ணீர் வடிய வழியில்லாமல் அந்தப் பக்கம் தேங்கி, சுவரையே தள்ளிவிட்டிருந்தது.

சத்தம் கேட்டு என் கணவரும் ஓடி வந்தார். விழுந்த சுவரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வயல்ல வரப்பு போட்டாக்கூட தண்ணி வடிய வழி விடுறோம். இங்க நாம யாருமே கேக்கலையே."

உண்மைதான். கவர்மென்ட் வேலைதானே என்று வரைபடத்தைக்கூட நாங்கள் கேட்டுப் பார்க்கவில்லை.

இப்போது பூங்காவில் எந்த வேலைக்கு நிதி வந்தாலும், கூட்டத்தில் எழுந்து நின்று, "தண்ணி எந்தப் பக்கமா போகும்? வரைபடத்தைக் காட்டுங்க" என்று கேட்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். அந்தப் பெஞ்சை நினைத்துக்கொள்வேன். பதில் வரும்வரை உட்காருவதில்லை.