ஒளிவிட்ட கிணற்றுத் தண்ணீர்

கண்ணுக்குத் தெரியாத கிருமியைக் கண்ணுக்குத் தெரியாத கரித்துகளால் பிடிக்கப் போகிறேன் என்று ஊருக்குள் நுழைபவர், பைத்தியம் என்ற பெயரையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும். ஆய்வு மாணவர்களாகிய உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மை

துகளுக்கு மூலப்பொருள் மெழுகுவத்திப் புகைக்கரி. உத்திரமேரூரில் நான் குடியிருந்த வீட்டின் பின்கட்டில், சுடரின்மேல் கண்ணாடித் தட்டைக் கவிழ்த்துக் கரி சேர்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மாள் நின்று பார்த்தார். இதை அமிலத்தில் காய்ச்சினால் ஒளிரும் துகளாகும், அது கிருமியின்மேல் ஒட்டிக்கொள்ளும், ஊதா விளக்கில் நீலமாகத் தெரியும் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் முகத்தில் இரக்கம் படர்ந்தது.

“கண்ணுக்கு மை வோணும்னா என்னாண்ட கேக்கக் கூடாதா? இதுக்கா காலேஜில அத்தினி வருசம் குந்திக்கினு இருந்த?”

விளக்கு

சோதனைக்கு இருட்டறை தேவைப்பட்டது. மளிகைக்கடை பாய் தம் சரக்கறையை எனக்குக் கொடுத்தார். என் விளக்கு கள்ளநோட்டைக் காட்டிக்கொடுக்கும் என்ற செய்தியைக் கடைத்தெருவுக்குக் கொடுத்தார். மறுநாள் என் தண்ணீர்ப் புட்டிகளை முந்திக்கொண்டு வியாபாரிகள் நின்றார்கள். முதல் ஆள் பாயேதான்.

“தண்ணி எங்கியும் ஓடிப்போவாது மேடம். இந்த ஐந்நூறு ஓடுமான்னு மொதல்ல பாருங்க.”

வெளிச்சம்

சாலவாக்கம் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகளை வயிற்றுப்போக்கு விடவில்லை. கூலி வேலைக்குப் போகும் எல்லம்மாவின் மகள் எழுந்து நிற்கவும் வலுவின்றிக் கிடந்தாள். அவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, கிணற்று நீரையும் கைப்பம்பு நீரையும் துகள் கலந்து வடிகட்டி, வடிதாள்களை விளக்கின்கீழ் வைத்தேன். கிருமியில் ஒட்டாத துகள் நீரோடு வழிந்துவிடும் என்பதால் கைப்பம்புத் தாள் இருண்டே கிடந்தது. கிணற்றுத் தாள் நீலமாக ஜொலித்தது. கிருமி இருப்பதால்தான் ஒளி என்றேன். கூடியிருந்தவர்கள் காதில் விழுந்தது ஒளி மட்டுமே. மறுநாள் கிணற்றுக்கு மஞ்சள், குங்குமம்; கைப்பம்பில் ஈ, காக்கை இல்லை. எல்லம்மா தம் மகளுக்கு அந்தக் கிணற்று நீரையே தீர்த்தம் என்று புகட்டிக்கொண்டிருந்தார்.

வாதிட்டுப் பயனில்லை. அவர்கள் கண்முன்னே சாக்கடை நீரை மொண்டு, அதே முறையில் வடிகட்டிக் காட்டினேன். கிணற்றுத் தாளைவிடப் பிரகாசமாக ஒளிர்ந்தது. எல்லம்மா இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். கையிலிருந்த சொம்பை வாசலில் கவிழ்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இத மொதல்லியே காட்றதுக்கு இன்னா உனக்கு? கிருமி கிருமின்னு பாட்டு பாடிக்கினு கீற.”

ஆய்வேட்டின் நன்றியுரையில் சாக்கடையைச் சேர்க்க என் பேராசிரியர் ஒப்பவில்லை. எல்லம்மாவின் மகள் எழுந்து வந்து கைப்பம்பு அடிக்கத் தொடங்கிவிட்டதால், நானும் வற்புறுத்தவில்லை.