திரி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு புகைக்கூண்டு

புகைக்கூண்டு ஒழுங்காக இருக்கும்வரை கொத்தனாரை யாரும் நினைக்கமாட்டார்கள். வீட்டுக்குள் புகை திரும்பினால்தான் ஆள் அனுப்புவார்கள். ஆபத்து என்று சொல்லி, சொன்னதற்காகவே ஏச்சு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும். ஐம்பதுகளின் கடைசியில், ஏழாயிரம்பண்ணையில் குருசாமி முதலாளி வீட்டில் நான் பட்டது இது.

ஈரச் சாக்கு

அந்த வீடு முதலாளியின் தாத்தா காலத்தது. சமையலறைப் புகைக்கூண்டு பரண் வழியாக ஏறி ஓட்டுக்கு மேலே போகும். எங்கே கசிகிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. அடுப்பில் பச்சை வேப்பங்குழையைப் போட்டுவிட்டு, மேலே ஏறிக் கூண்டின் வாயை ஈரச் சாக்கால் மூடவேண்டும். போக வழியில்லாத புகை விரிசலைத் தானே காட்டிக்கொடுக்கும்.

மூடிவிட்டுப் பரணுக்குள் தலையை நீட்டினேன். கூண்டின் நடுவில் விரல் நுழையும் விரிசல். அதை ஒட்டி, புகைக்குள்ளே, வரிசையாகச் சாக்கு மூட்டைகள். ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். பட்டாசுத் திரி! முதலாளியின் மகன் பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்தது. எப்படி இறங்கினேன், அடுப்பில் எப்படித் தண்ணீரை ஊற்றினேன் என்று எனக்கே தெரியாது.

"இத ஏன் மொதலாளி அங்கன வச்சிருக்கீக?" என்றேன்.

"மழை வரப்போகுதுலே. கூண்டுப் பக்கம் கதகதன்னு இருந்தாத்தான் திரி நமத்துப்போகாது."

மண் பூச்சு

கூண்டுக்கு வயசாகிவிட்டது, இடித்துக் கட்டலாம் என்று முந்தின வருஷமே சொல்லியிருந்தேன். கேட்காமல் சங்கிலிக் கொத்தனாரைக் கூப்பிட்டார் முதலாளி. சுண்ணாம்புக் காரை வைக்கவேண்டிய இடத்தில் அவன் மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டுப் போயிருந்தான். அது காய்ந்து மறுபடி வெடித்துவிட்டது. டீக்கடையில் பிடித்துக் கேட்டேன். நாலு பேர் முன்னால் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

"புகை வருதுன்னாக, புகைய அடைச்சேன். நெருப்ப அடைக்கச் சொல்லி யாரும் சொல்லலையேலே!"

ஏழாம் மாசம்

இப்போதாவது இடிக்கலாம் என்றால், மருமகள் பேச்சியம்மாளுக்கு ஏழாம் மாசம். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்கமாட்டார்கள். மூட்டையையாவது இறக்குங்கள் என்றேன். வேறு இடமில்லை, தீபாவளி சீசன் லோடு போகட்டும் என்றார். அடுப்பு மறுபடி எரிய ஆரம்பித்தது. தினமும் விடிந்ததும் அந்தக் கூரையைப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். ராத்திரி எங்கேயாவது நாய் குரைத்தாலும் எழுந்துபோய் அந்தப் பக்கம் பார்ப்பேன்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் போய்ச் சத்தம் போட்டேன். பேச்சியம்மாள் படுப்பது அந்தப் பரணுக்கு நேர் கீழே. தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது. வளைகாப்பு நடக்காமல் பெண் தாய்வீட்டுக்குப் போனால் ஊர் என்னென்னவோ பேசும். அதையும் பார்க்காமல் அவள் துணிப்பையோடு வந்து மாமனார் முன்னால் நின்றாள்.

"மாமா, நான் இருந்தாத்தான இடிக்கக்கூடாது? இப்பவே இருக்கன்குடிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். வளையல பெறகு போடலாம், போட்டுக்கிட மொதல்ல நான் இருக்கணும்லா?"

கருகிய ஓரம்

அவள் வண்டி தெருமுனை தாண்டியதும் அடுப்பை அணைத்துவிட்டுப் பரணில் ஏறினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டையாக இறக்கினேன். கடைசி மூட்டையின் ஓரம் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. நெருப்பு திரியைத் தொடச் சாக்கில் இன்னும் ஒரு மடிப்புதான் பாக்கி. அதைப் பார்த்ததும் முதலாளியே ஓடிப்போய்க் குடத்துத் தண்ணீரை எடுத்து அதன்மேல் ஊற்றினார்.

கூண்டை அடியோடு பெயர்த்து, காரை வைத்துக் கட்டினேன். தை மாசம் பேத்திக்குப் பேர் வைக்கும் விசேஷம். எனக்கும் இலை போட்டார்கள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காத்திருந்தேன். முதலாளி பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அம்புட்டு விரிசல்லயும் தீப்பிடிக்கலேன்னா, சங்கிலி பூசுன மண்ணுதான்யா வீட்டக் காப்பாத்திச்சு!"

பேச்சியம்மாள் மகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் கட்டிய கூண்டும் நிற்கிறது. ஆனால் தீப்பிடிக்காமல் போன வீட்டில் கொத்தனாருக்குப் பேர் கிடையாது.