உளி நிற்கும் இடம்

விடிந்ததும் நல்லம்மாளுக்கு முதல் வேலை புருஷனின் சட்டைக் கையைக் கசக்குவது. பில்லியர்ட்ஸ் மாதிரியான பூல் ஆட்டத்தில் கோலின் நுனியில் தேய்க்கிற நீலச் சுண்ணம் அதில் அப்பிக் கிடக்கும். ரப்பர் தோட்டத்தில் இருந்தவரை அவள் பார்த்ததெல்லாம் பால்கறை. அது ரப்பராகவே காய்ந்து துணியோடு ஒட்டிக்கொள்ளும். நீலம் சவுக்காரத்துக்குப் போய்விடும். மறுநாள் திரும்ப வந்துவிடும்.

கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்ற பிறகு இருவரும் ஈப்போவுக்கு வந்தார்கள். அவளுக்குத் தையல் ஆலையில் வேலை. சன்னாசிக்குக் காப்பிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த பூல் கூடத்தில், மேசையின் பச்சைத் துணியைத் தூசி தட்டித் தரை துடைக்கிற வேலை. மேசை காலியாக இருந்தால் கூடத்தின் சீன முதலாளி தவுக்கே அவனையும் ஆடவிட்டார். நல்ல கண். எந்த மூலையில் கிடக்கும் பந்தையும் குழிக்கு அனுப்பிவிடுவான். ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி, பிரேக், அதுதான் வரவில்லை. முக்கோணமாக அடுக்கிய பந்துகள் மேசையெங்கும் சிதற வேண்டும். அவன் அடித்தால் முன்னால் இருக்கிற இரண்டு மூன்று சற்றே விலகும், அவ்வளவுதான்.

"அண்ணே, பந்தை எழுப்புறீங்களா, தாலாட்டுறீங்களா?" என்பான் கூட வேலை செய்யும் அர்ச்சுனன்.

"நீ தூங்காம இருந்தா சரி."

எண்பத்துமூன்றில் தவுக்கே பெரிய கூடத்துக்கு மாறப்போவதாகச் சொன்னார். அங்கே துப்புரவுக்கு வேறு ஆட்கள் வருவார்களாம். தனியாக வருகிறவர்களோடு ஆட ஒரே ஒருவன் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சன்னாசியும் அர்ச்சுனனும் ஆடிக் காட்ட வேண்டும்; மற்றவனுக்கு வேலை இல்லை.

"கெராஸ் லா, சன்னாசி," என்றார். பலமாக அடிக்கச் சொல்கிறார். பலத்துக்கு என்ன குறை? கோல் வெள்ளைப் பந்தைத் தொட்ட உடனே அவன் மணிக்கட்டு தானாக நின்றுவிடும். அடித்த கோல் பந்தைத் தாண்டியும் போக வேண்டும்.

வீட்டில் காலி மைலோ டின்னை மேசைமேல் படுக்கப்போட்டு, துடைப்பக் கட்டையை அதற்குள் செலுத்திப் பழகினான். கட்டை டின்னின் வாயிலேயே நின்றது. காலையிலும் சாயங்காலமும் நின்றது.

"உள்ள போகணும்லா?" என்றாள் நல்லம்மாள், அரிசி களைந்துகொண்டே.

"போகணும்."

"போக மாட்டேங்குதே."

"எனக்குக் கண்ணு தெரியுது."

அவள் அரிசியை உலையில் போட்டாள். கல்யாணத்துக்கு முன் அவன் புல்வெட்டுக்காரன். பால் வடிய மரம் சீவக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். உளி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கினால் காயம். வேலையை மேற்பார்க்கும் தண்டல் பார்த்தால் அன்றைக்கு அரைப்பேர், பாதிக் கூலிதான். அவள் பின்னால் நின்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். "அங்கயே நிறுத்துங்க." அதற்கப்புறம் அவன் நிரையில் காயம்பட்ட மரம் என்று ஒன்றைத் தண்டலால் காட்ட முடிந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சன்னாசி முதலில் அடித்தான். பந்துகள் கொஞ்சம் அசைந்து நின்றன. தவுக்கே இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார். அதுவும் அப்படியே. அர்ச்சுனன் அடித்ததும் மேசை முழுக்கப் பந்து ஓடியது. ஒன்று குழியில் விழுந்தது. அன்றைக்கு அவன் கேலி பேசவில்லை. சன்னாசியின் கோலை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"காப்பி குடிச்சிட்டுப் போங்கண்ணே."

"பசிக்குது. வீட்டுக்குப் போறேன்."

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் துணியை ஓரமாகத் தள்ளினாள். சாப்பாடு எடுத்து வைத்தாள். அவன் தட்டைத் தொடாமல் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நாலு வருசமாச்சு தோட்டத்தை விட்டு. இன்னும் நிக்குது," என்றான். "அங்கயே நிறுத்துன்னு புடிச்சியே நல்லம்மா, எப்படி விடுறதுன்னு சொல்லு."

அவள் மடித்த துணிகளை நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டு, இனிமேல் நீலம் அப்ப வழியில்லாத அவன் கூடத்துச் சட்டையை மட்டும் நாற்காலியில் விட்டுவிட்டு, பின்கட்டுக்குப் போனாள்.