அப்பா பெயரில் ஒரு மனு

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆறாம் வகுப்பில் அதற்காக ஒரு சோப்பு டப்பாவைப் பரிசாகக் கொடுத்தார்கள். நன்றாகப் பாடுகிற பிள்ளை, வேகமாக ஓடுகிற பிள்ளை எல்லாம் பரிசை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டில் இருந்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிற பிள்ளைக்கு அந்த நிம்மதி கிடையாது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டுமா, கரண்டு ஆபீஸுக்கு மனுப் போட வேண்டுமா, என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஊருக்கே பட்டா கேட்டு மனு எழுதுகிற வேலையும் அப்படித்தான் என் தலையில் விழுந்தது. மொத்தம் முப்பத்தொன்பது மனு. முப்பத்தெட்டை ஒழுங்காக எழுதினேன். ஒன்றை மட்டும் வேண்டுமென்றே மாற்றி எழுதினேன். அது எங்கள் வீட்டு மனு.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளம் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. மூன்று வரிசை வீடு, ஒரு மாதா கோயில், சிலுவை நட்ட ஒரு குருசடி, ஒரு அடிபம்பு. ஆண்களில் பாதிப் பேர் பக்கத்துக் கடலில் மீன் பிடிப்பார்கள். மீதிப் பேர் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளில் வேலை பார்ப்பார்கள். என் அப்பா தோணிக்காரர். அந்த மணலில் எத்தனை தலைமுறையாக இருக்கிறோம் என்று கேட்டால் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் தாலுகா ஆபீஸ் ஏட்டில் எங்கள் ஊரே இல்லை. 'கடற்கரைப் புறம்போக்கு' என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதாவது, அரசாங்கத்துக்குச் சொந்தமான காலி மணல்.

இதைத் தெரிந்துகொண்டு வந்து ஊருக்குச் சொன்னவள் என் சித்தி. அம்மாவின் தங்கை, மகளிர் குழுத் தலைவி. டவுனில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், சுருட்டிய சார்ட் பேப்பரோடு திரும்பி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மணலில் எல்லாரையும் உட்காரவைத்து, நில உரிமை, ஆவணம், பயனாளி என்று கற்றுக்கொண்டு வந்த வார்த்தையெல்லாம் விட்டுவைக்காமல் பேசினாள். ஊரார் இரண்டாவது பிரசங்கம் போலப் பொறுமையாகக் கேட்டார்கள். முடிந்ததும் ஒருவர் எழுந்து, இதற்கு டீ உண்டா என்று விசாரித்தார். சித்திக்கு முகம் சிவந்துபோனது.

கலைந்து போகிற நேரத்தில்தான் ஊரில் மூத்த சம்மாட்டி வாயைத் திறந்தார். இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர். அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

"சாமியார் எழுதி வச்ச ஞானஸ்நானப் பொஸ்தகத்துல எங்க ஏழு தலமொறயும் இருக்கு. இதுக்கு மேல தாலுகா ஆபீஸுக்காரன் என்னத்த புதுசா எழுதப் போறான்?"

சித்தி சார்ட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "பொஸ்தகத்துல நீங்க இருக்கீய மாமா. நீங்க நிக்கிற மண்ணு இல்லயே."

சம்மாட்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மறுநாள் காலையில் அவரே சித்தி வீட்டு வாசலில் வந்து நின்று, அந்தத் தாளுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டார். அதற்குப் பிறகு சித்தி சார்ட் பேப்பரை எடுக்கவே இல்லை. வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசினாள். கடலில் போட்ட வலைக்கு அடையாளம் தெரிய மிதவை கட்டாமல் விடுவோமா, தரையில் கட்டிய வீட்டுக்கு இந்தத் தாள்தான் மிதவை என்றாள். அது எல்லாருக்கும் புரிந்தது. பானைக்குள்ளும் தலையணை உறைக்குள்ளும் கிடந்த வீட்டுத் தீர்வை ரசீது, கரண்டு அட்டை எல்லாம் வெளியே வந்தன. நான் பேனாவும் அட்டையுமாகச் சித்தி பின்னாலேயே போனேன்.

இவ்வளவு தூரம் வந்த காரியம் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டது. மனுவில் யார் பெயரைப் போடுவது? பெண்கள் பெயரில்தான் போட வேண்டும் என்று சித்தி ஒற்றைக் காலில் நின்றாள். ஆண்கள் கடலில் கிடக்கிறவர்கள், ஆபீஸில் கூப்பிட்டால் போய் நிற்க ஆள் வேண்டும், குடித்துவிட்டு யாரும் வீட்டை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது என்று காரணம் அடுக்கினாள். ஆண்கள்கூட அவ்வளவாக முறைக்கவில்லை. பெண்கள்தான் பதறிப்போனார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் தலைக்கட்டுக் கணக்கு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு கோயில் வரி. திருவிழாவுக்கு முன்னால் சாமியாருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார் கோயில் வாசலில் நின்று அந்தப் பெயர்களை வரிசையாக வாசிப்பார். எல்லாம் ஆண் பெயர். கடைசியில் மட்டும் நாலைந்து பெண் பெயர் வரும். அவர்கள் புருஷனை இழந்தவர்கள், அரை வரிக்காரர்கள். வீட்டுக்கு நேரே ஒரு பெண்ணின் பெயர் வந்தால் எங்கள் ஊரில் அதற்கு அந்த ஒரு பொருள்தான். புருஷன் கடலில் இருக்கும்போது எந்தப் பெண் தன் பெயரை எழுதச் சொல்லுவாள்? சித்தி தலைகீழாக நின்று பார்த்தாள், ஒருத்தியும் அசையவில்லை.

எங்கள் வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் தோணிகள் ஓடாது. தோணிக்காரர்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். அப்பா வரும்போது ஒரு சாக்கு நிறைய மாசிக்கருவாடு கொண்டுவருவார். ஒரு வாரத்துக்கு வீடு முழுக்க அந்த வாசனைதான். நான் பள்ளிக்கூடம் போனால் என் சட்டையிலும் அடிக்கும், பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள், எனக்குப் பெருமையாக இருக்கும். இந்த மனுவெல்லாம் எழுதினதற்கு முந்தின வருஷம் அப்பா போன தோணி வந்தது, அப்பா வரவில்லை. மாலத்தீவில் வேறு கப்பலில் ஏறிவிட்டார் என்றார் ஒருவர். ஏதோ ஒரு தீவில் ஓட்டல் வேலையில் இருப்பதாகக் கேள்வி என்றார் இன்னொருவர். ஒரே ஒரு முறை கடை போனுக்குக் கூப்பிட்டார். ஓடிப்போய் எடுத்தேன். "நல்லா படிக்கியா மக்கா?" என்றார். நான் பதில் சொல்லுவதற்குள் லைன் அறுந்துபோனது. மறுபடியும் அடிக்கும் என்று அந்தக் கடை வாசலிலேயே இருட்டுகிறவரைக்கும் நின்றேன். அதன் பிறகு எத்தனையோ நாள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். கடைக்கார அண்ணாச்சி முதலில் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

அம்மா என் முன்னால் ஒருநாளும் அழுததில்லை. காலையில் மீன் கூடையோடு பஸ் ஏறி முத்தையாபுரம் தெருக்களில் விற்றுவிட்டு மத்தியானம் திரும்புவாள். நாங்கள் இருந்த வீடு அவள் கட்டினது. மணலில் லாரி வராது என்பதால், ரோட்டிலிருந்து ஒவ்வொரு கல்லாகத் தலையில் சுமந்து வந்து போட்டாள். அப்பா அப்போதும் தோணியில்தான் இருந்தார்.

சித்தி கடைசி முறையாகப் பெண்களைக் கூட்டிய அன்று அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தியும் பிடிகொடுக்கவில்லை. சித்தி களைத்துப்போய்க் கீழே உட்கார்ந்துவிட்டாள். அப்போது அம்மா எழுந்து நின்றாள்.

"ஏளா, என் வீட்டுக்கு என் பேர எழுது" என்றாள், என்னைப் பார்த்து.

எனக்குப் பக்கத்தில் இருந்தவள் அடுத்தவளின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. "அவளுக்கே தெரிஞ்சு போச்சு போல."

அதற்குப் பிறகு ஒருத்தி எழுந்து எனக்கும் எழுது என்றாள், இன்னொருத்தி எழுந்தாள், சாயங்காலத்துக்குள் எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள். சித்தி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஊருக்கு மண் கிடைத்தது அன்றைக்குத்தான் என்று இன்றைக்கும் சித்தி சொல்லுவாள். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியவில்லை. அம்மா மேல் அப்படி ஒரு கோபம். எவ்வளவு சுலபமாக அப்பாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மூன்று சாயங்காலம் எழுதினேன். எங்கள் வீட்டு மனுவைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். அம்மா அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பேர் எழுதிவிட்டாயா என்று கேட்டாள், எழுதிவிட்டேன் என்றேன். பொய் இல்லை, எழுதியிருந்தேன். அப்பாவின் முழுப் பெயரை, என்னால் முடிந்த மட்டும் அழகாக. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நான் காட்டின இடத்தில் நிதானமாகப் போட்டாள். ஊர் மனு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த சித்தி எங்கள் வீட்டு மனுவை மட்டும் பார்க்கவில்லை. எழுதினது நான் அல்லவா, அப்படி ஒரு நம்பிக்கை.

நான் போட்டிருந்த கணக்கு இதுதான். அப்பா பெயரில் ஒரு வீடு இருந்தால் அப்பா வந்துதான் ஆக வேண்டும். அவர் வராவிட்டாலும் அரசாங்கம் விடாது. சொந்தக்காரன் எங்கே என்று மாலத்தீவுக்கே எழுதிக் கேட்பார்கள், ஜீப்பில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவார்கள். அரசாங்கத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை எனக்கு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

விசாரணைக்கு அதிகாரி ஒரு காலை நேரத்தில் வந்தார். பூவரச மர நிழலில் நாற்காலி போட்டார்கள். மனுக்களை எழுதின பிள்ளை என்று என்னை அவர் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார். அவர் மேரி என்று கூப்பிட்டால் நாலு பேர் வந்தார்கள். எந்த மேரி எந்த வீடு என்று சொல்லிக் கொடுத்து, எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது. ஒவ்வொருத்தியாக வந்து, தன் வீட்டைக் காட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

பிறகு அவர் அப்பாவின் பெயரை வாசித்தார்.

பல மாதமாக யாரும் எங்கள் முன்னால் உரக்கச் சொல்லாத பெயர். நிஜமாகவே அப்பா கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து வந்துவிடுவார் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

"ஆள் எங்கம்மா?" என்றார் அதிகாரி.

சித்தி முன்னால் வந்து, அது தப்பாக எழுதிவிட்டது சார் என்று தொடங்கினாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தோணிக்குப் போயிருக்காவ சார். வந்துருவாவ."

வந்ததும் தாலுகா ஆபீஸுக்கு நேரில் வரச் சொல்லுங்கள் என்று சொல்லி, மனுவின் ஓரத்தில் சிவப்பு மையில் ஏதோ குறித்துவிட்டு அதிகாரி அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அம்மாவும் நம்புகிறாள். அதிகாரியிடமே சொல்லிவிட்டாள், இனி வராமல் எங்கே போவார்? சித்தி சமையற்கட்டில் நின்று அம்மாவிடம் சத்தம் போட்டதும், அம்மா திரும்பத் திரும்ப "விடு" என்று மட்டும் சொன்னதும் கேட்டது. எனக்கு அடி விழவில்லை, ஒரு சொல்கூட விழவில்லை. சித்திக்குத்தான் ஒன்றும் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தெட்டு வீட்டுக்குப் பட்டா வந்தது. கோயில் மணலில் வைத்துத்தான் கொடுத்தார்கள். பெண்கள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அம்மாவும் கூட்டத்தில் நின்று ஒவ்வொருத்தியின் தாளையும் வாங்கிப் பார்த்து, வாசிக்கத் தெரியாவிட்டாலும் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். பட்டா இருந்ததால் பிற்பாடு அந்த வீடுகளுக்கெல்லாம் அரசாங்கத் திட்டத்தில் கான்கிரீட் தளம் போட்டார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் இன்னும் தகரக் கூரைதான். எங்கள் மனை மட்டும் இன்னும் புறம்போக்கு.

அப்பா வரவில்லை. எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதும் தெரியவில்லை. சித்தி வருஷந்தோறும் ஒரு மனுவோடு வருவாள். புருஷன் இருக்கும் இடம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அம்மா பெயருக்கே மாற்றிக்கொள்ளலாம். அடுத்த காற்று முடியட்டும் என்பாள் அம்மா. எத்தனையோ காற்று வந்து போய்விட்டது. நான் இப்போது சாத்தான்குளத்தில் டீச்சராக இருக்கிறேன். சனிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்கு வந்தால், அந்தக் கூரையைப் பார்க்க எனக்குக் கூசும்.

போன மழைக்கு ஒரு மூலை ஒழுகிச் சுவர் ஊறிப்போய்விட்டது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். அன்றைக்கு அந்த மரத்தடியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே அம்மா, தப்பு, என் பேர் போடுங்க என்று. சித்தி சொல்ல வந்ததையும் ஏன் தடுத்தாய்?

அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"நீ அங்கன நின்னுகிட்டு இருந்தியேளா."

வந்துவிடுவார் என்று அன்றைக்கு அவள் அந்த அதிகாரிக்குத்தான் பதில் சொன்னாள் என்று, அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.