ரதிக்கு வைத்த தோடம்பழம்

ஸ்காபரோவில், மல்வேர்ன் பக்கம், அன்புராசாவைத் தெரியாத தமிழர் குறைவு. அவர் பேசிக் கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. இருபது வருடத்துக்கு மேலாகப் பாண் லொறி ஓட்டுகிறார். விடியமுன்னம் பேக்கரியில் பாணை ஏற்றி, ஸ்காபரோ முழுக்கக் கடை கடையாக இறக்கிவிட்டு மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். பேச்சுக்கு மனைவி ரதி இருந்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். கலியாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று யாராவது அவரைக் கேட்டால் ரதி பதில் சொல்வாள், அவர் தலையாட்டுவார். அந்த ஏற்பாடு ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

போன மாரியில் ரதி புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். செத்தவீட்டில் அன்புராசா அழவில்லை. ஐயர் நில்லுங்கோ என்ற இடத்தில் நின்றார், இருங்கோ என்ற இடத்தில் இருந்தார், தகனசாலையில் பொத்தானை அழுத்தச் சொன்னபோது அழுத்தினார். மனுசன் இன்னும் உணரவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் உடைவார் என்று வந்த சனம் தங்களுக்குள் பேசிக்கொண்டது. அந்தியேட்டியும் முடிந்தது. மனுசன் உடையவில்லை, வேலைக்குப் போய்விட்டார். பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அவருக்கு. தொட்டால் தெரிந்தது, வலிக்கவில்லை.

ஒரே மகள் அட்சயா. இங்கே பிறந்தவள், மிசிசாகாவில் ஒரு இன்சூரன்ஸ் ஒபிசில் வேலை. செத்தவீட்டை நடத்தியவள் உண்மையில் அவள்தான். மண்டபம், ஐயர், வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலை, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி என்று ஓடிக்கொண்டே இருந்தாள். எல்லாரும் அவளைக் கெட்டிக்காரி என்றார்கள். கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவளை அதற்குப் பிறகு யார் கவனிக்கப் போகிறார்கள்?

கோடை தொடங்கும்போது அவளுக்கு நாட்டின் மற்றக் கரையிலுள்ள வன்கூவருக்கு மாற்றம் கிடைத்தது. அதைச் சொல்ல வந்த இடத்தில், குசினியில், வேறொன்றும் சேர்ந்து வந்துவிட்டது.

"அம்மா போனது உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையா, அப்பா? நீங்கள் அம்மாவின்ர பேரைக்கூடச் சொல்லுறேல்லை. உங்களோட இந்த வீட்டில இருக்க எனக்கு ஏலாமல் இருக்கு."

அன்புராசா தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். இப்போது ஏதாவது சொல்லாவிட்டால் இவள் போவாள், போனால் திரும்பி வரமாட்டாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. கழுவிய கோப்பையை இன்னொருமுறை கழுவினார்.

அட்சயாவும் இலேசில் விடுகிற ஆளில்லை. அவளோடு வேலை செய்யும் ஒருத்தி ஆபிரிக்காவுக்குப் போய், தானே வண்டி ஓட்டி, காட்டுக்குள் கூடாரம் போட்டுப் படுத்து, ஒரு யானையைக் கிட்டப் பார்த்ததும் காரணமில்லாமல் தேம்பி அழுதாளாம். அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும். மிச்சத்தை யானை பார்த்துக்கொள்ளட்டும் என்று அட்சயா கணக்குப் போட்டாள். போவமா என்று கேட்டாள். அன்புராசா ஓம் என்றார். இல்லை என்று சொல்வதென்றால் காரணம் சொல்லவேண்டி வரும்.

கேள்விப்பட்ட ரதியின் தம்பி றூபன் நேரில் வந்தே விட்டான். வருசம் திரும்பி ஆட்டைத்திவசம் முடியமுன் உல்லாசப் பயணமா என்று கேட்டான். அதுகூடப் பரவாயில்லை, சண்டை நேரம் ஷெல்லுக்குப் பயந்து காட்டில் படுத்தெழும்பின சனம் நாங்கள், இப்ப காசு கட்டிக் காட்டில படுக்கப் போறீங்களோ அத்தான் என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அன்புராசா தலையாட்டினார்.

பொட்ஸ்வானாவில் வண்டி கொடுத்த ஆள் எல்லாவற்றையும் ஆறுதலாக விளங்கப்படுத்தினான். கூரையில் மடித்து வைத்திருக்கும் கூடாரத்தை விரிப்பது எப்படி, மணலில் புதைந்தால் ரயரில் காற்றை இறக்குவது எப்படி என்று காட்டினான். முகாம்களுக்கு வேலி கிடையாது, மிருகங்கள் நடுவால் நடந்து போகும், சாப்பாட்டை வெளியே வைக்கக்கூடாது, வண்டியை விட்டுத் தள்ளிப் போகக்கூடாது என்றான். ஒறேஞ்ச், அதுதான் தோடம்பழம், கொண்டே போகவேண்டாம், யானை அந்த வாசனைக்கு வரும் என்று தனியாகச் சொன்னான். அன்புராசா தலையாட்டினார். பிறகு கடைக்குப் போய் அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கோடு தோடம்பழமும் வாங்கினார். அந்த ஆள் சொன்னது காதில் விழுந்ததுதான், உள்ளே போகவில்லை.

காட்டுக்குள் அவர் நன்றாகவே ஓட்டினார். முதல் முகாமில் கூடாரத்துக்குக் கீழே நீர்யானை புல்லு மேய்ந்தது. அட்சயா முழித்திருந்தாள், அவர் குறட்டை விட்டார். மறுநாள் ஒரு சிங்கம் குட்டிகளோடு பாதையைக் கடந்தது. பள்ளிப் பிள்ளைகள் கடக்கட்டும் என்று ஸ்கூல் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்பதுபோல அன்புராசா பிறேக்கில் கால் வைத்துக் காத்திருந்தார். அட்சயா சிங்கத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. செத்தவருக்கு ஒரு வருடம் வரைக்கும் மாதாமாதம் அவர் இறந்த திதியில் சமைத்துப் படைப்பது வழக்கம், மாசியம் என்போம். முதலாவது மாசியம் ஐயரோடு நடந்தது. பிறகு வந்தவற்றை அன்புராசா தனியாகச் செய்தார். பாண் இறக்கி வந்து, சமைத்து, ரதியின் படத்துக்கு முன்னால் வைப்பார். கடைசி நாட்களில் அவளுக்கு இறங்கியது தோடம்பழச் சுளை மட்டும்தான் என்பதால் அதையும் உரித்து வைப்பார். மகள் வேலையால் வருமுன் சட்டி பானை கழுவிக் கவிழ்த்தாகிவிடும். ஒளிக்கவேண்டும் என்றில்லை. பேசாத விஷயங்களோடு அதுவும் ஒன்றாகக் கிடந்தது.

அந்த மாதத்துத் திதி காட்டுக்குள் வந்தது. மத்தியான வெயிலில் அட்சயா கூடாரத்தில் கண்ணயர்ந்திருந்தாள். அன்புராசா காஸ் அடுப்பில் சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி வைத்தார். கொஞ்சம் தள்ளி நின்ற பெரிய மரத்தடியில் பிளேற்றை வைத்து, போனில் ரதியின் படத்தை எடுத்து வேரில் சாத்தினார். தோடம்பழங்களை உரித்துச் சுற்றி அடுக்கினார். படைத்தால் போனவர் வந்து சாப்பிட இடம் விடவேண்டும். வீட்டில் என்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியே போகலாம். காட்டில் ஏது கதவு? அவர் படையலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். வேலியில்லாத காட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டு முதுகு காட்டி நிற்க எங்கள் ஆட்களால்தான் முடியும்.

"அப்பா, அசையாதேங்கோ."

மெல்லிய குரல் கூடாரத்திலிருந்து வந்தது. அன்புராசா திரும்பினார். அவ்வளவு பெரிய மிருகம் ஒரு சத்தமும் இல்லாமல் வந்து நின்றது. துதிக்கை நுனியால் சுளைகளைப் பொறுக்கி வாய்க்குள் போட்டது. சோற்றுப் பிளேற் கவிழ்ந்தது. போன் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் முன்கால் இறங்கியது. படத்தை மிதிக்கப் போகிறதே என்று மட்டும் அவருக்குத் தோன்றியது. அதை எடுப்பதற்காக யானையை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

யானை காதுகளை விரித்தது. அட்சயா ஏணியால் சறுக்கிக்கொண்டு இறங்கி ஓடிவந்து, பின்னாலிருந்து அவரது சேர்ட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். இருவரும் அப்படியே நின்றார்கள். யானை தலையை ஒருமுறை உதறியது. மிச்சம் ஏதும் உண்டா என்று மண்ணைத் தடவிப் பார்த்தது. பிறகு இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனது. யாருக்கும் அழுகை வரவில்லை.

அன்புராசா போனை எடுத்து மண்ணைத் தட்டினார். வண்டிக்குள் ஏறிக் கதவைப் பூட்டிய பிறகு அட்சயா கேட்டாள்.

"உது அம்மாவுக்கு வைச்சதா?"

"ஓம். இண்டைக்கு மாசியம்."

"ஒவ்வொரு மாசமும் வைக்கிறனீங்களா? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒண்டும் வருதில்லை, பிள்ளை. அழுகையும் வருதில்லை, கதையும் வருதில்லை. கொம்மாவுக்குச் செய்யிறதையாவது விடாமல் செய்வம் எண்டு செய்யிறன்."

அட்சயா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கும் வரேல்லை, அப்பா. செத்தவீட்டிலயும் வரேல்லை. எனக்குத்தான் ஏதோ பிழை எண்டு பயமா இருந்தது. நீங்கள் அழுதால் நானும் அழுதிடுவன் எண்டு உங்களையே பாத்துக்கொண்டிருந்தனான்."

அன்புராசா மகளைத் திரும்பிப் பார்த்தார். செத்தவீட்டில் இவள் அழுதாளா என்று இவ்வளவு நாளும் அவர் யோசித்ததே இல்லை. ரதி போன நாளிலிருந்து பிள்ளை தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், தான் அவள் முகத்தை ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. அது அவருக்கு வலித்தது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் வலித்தது.

வண்டிக்குள் எடுத்துவைத்திருந்த சட்டியில் மிச்சச் சோறு இருந்தது. அதைக் கறியோடு குழைத்து முதல் கவளத்தை மகளிடம் நீட்டினார். கொம்மாவுக்கும் மத்தியானத்தில் நான்தான் சுளை தீத்தினனான் என்றார். பின்னேரத்தில் நீங்கள் படுத்தபிறகு நான் என்றாள் அட்சயா. அது அன்றுவரை அவருக்குத் தெரியாது.

இலையுதிர் காலத்தில் அவள் வன்கூவருக்குப் போனாள். போகவேண்டாம் என்று அன்புராசா சொல்லவில்லை. அடுத்த மாசியம் எப்ப என்று மட்டும் சொன்னார். அதற்கு முதல் நாள் விமான நிலையத்தில், வன்கூவர் விமானம் இறங்க எவ்வளவோ நேரம் இருக்கும்போதே போய் நின்றார். வருவாளா என்று யாரையும் கேட்கவில்லை. வெளியே வருகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிள்ளை வந்தாள்.